களையைக் கண்டு தெளிக்கும் கருவி: சிறு கம்பெனியும் பெரிய கம்பெனியும் கூடிச் செய்த வேலை

களைக்கொல்லியை வயல் முழுவதும் சீராகத் தெளிப்பதே அமெரிக்கப் பெரும் பண்ணைகளில் நெடுநாளைய வழக்கம். களை ஒரு மூலையில் மட்டும் முளைத்திருந்தாலும் மருந்து மொத்த நிலத்திற்கும் போகும். களை இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தெளிக்கும் கருவி அங்கே விற்பனைக்கு வந்துள்ளது. 2011-ல் இருவர் தொடங்கிய சிறு நிறுவனம் ஒன்றும், 1837-ல் எஃகுக் கலப்பையோடு தொழிலைத் தொடங்கிய ஜான் டியர் நிறுவனமும் கூடியதால் கிடைத்த பலன் இது.

சாலட் கீரையில் தொடக்கம்

ஹோர்கே ஹெராட் பெரு நாட்டிலிருந்து வந்தவர்; லீ ரெடன் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சந்தித்த இவர்கள் 'புளூ ரிவர் டெக்னாலஜி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் நினைத்தது தானே ஓடிப் புல் வெட்டும் இயந்திரம். விசாரித்ததில் அது எடுபடாது என்று தெரிந்தது. பிறகு காரட் வயலில் களையெடுப்பு. விவசாயிகளை நேரில் கண்டு பேசிய பிறகே, 'லெட்டூஸ்' என்னும் சாலட் கீரையில் பயிர் கலைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை என்பது புரிந்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இக்கீரையை நெருக்கமாக விதைத்து, முளைத்தபின் செடிக்குச் செடி சுமார் 25 செ.மீ. இடைவெளி விட்டு மற்றவற்றை அகற்ற வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கூலியாட்கள் கொத்தால் செய்துவந்த வேலை இது. ஆள் பற்றாக்குறையும் அங்கு உண்டு. புளூ ரிவரின் கருவி டிராக்டருக்குப் பின்னால் செல்லும். அதன் கேமராக்கள் ஒவ்வொரு செடியையும் பார்க்கும். வேண்டாத செடியின் மீது மட்டும் அடர்த்தியான உரக் கரைசல் பீய்ச்சப்படும். செடி கருகிவிடும்; கரைசல் மண்ணுக்கு உரமாகும். கருவியை விற்காமல் ஏக்கர் கணக்கில் கூலிக்கு ஓட்டிக் கொடுத்தனர்.

பருத்தியில் வந்த சிக்கல்

அடுத்து அவர்கள் பருத்திக்குப் போனார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'பால்மர் அமராந்த்' என்ற களை பருத்தி விவசாயிகளைத் திணற வைத்திருந்தது. இது நம் முளைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. கிளைபோசேட் மருந்துக்கு இக்களை கட்டுப்படாமல் போனது 2000-களின் நடுவிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் தெரியவந்தது. வேறு மருந்துகளுக்குச் செலவு அதிகம். ஆகவே மருந்தைக் களையின் மீது மட்டும் செலுத்தினால் லாபம் கண்கூடு.

ஆனால் கீரைப் பாத்தி வேறு, ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்தி வேறு. கீரையில் கருவி மெதுவாகப் போனால் போதும். வெயில் படாமல் கூண்டு போட்டு மறைத்துக்கொள்ளலாம். பெரும் வயலில் அகலமான தெளிப்புக் கை வேண்டும். அது மேடு பள்ளத்தில் குலுங்கும், தூசி அடிக்கும். கெட்டுப்போனால் பழுது பார்க்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும். ஓர் இளம் கம்பெனிக்கு இவையெல்லாம் ஏது? ஜான் டியரிடம் தெளிப்பான் இருந்தது, விற்பனையாளர்கள் இருந்தனர். பயிரையும் களையையும் பிரித்தறியும் கண்தான் இல்லை.

2017 செப்டம்பரில் ஜான் டியர் 30 கோடியே 50 லட்சம் டாலருக்குப் புளூ ரிவரை வாங்கியது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 60 பேர் அளவிலேயே. அவர்களைத் தலைமையகத்துக்கு இழுக்காமல் கலிபோர்னியாவிலேயே இருக்க விட்டதைக் குறிப்பிட வேண்டும். களைக்கொல்லி விற்கும் சிஞ்சென்டாவின் முதலீட்டுப் பிரிவும் அதற்கு முன்பே புளூ ரிவரில் பணம் போட்டிருந்தது என்பது வேடிக்கை!

வாங்கிய மறுநாளே கருவி வந்துவிடவில்லை. பயிரில்லாத தரிசில் களையைக் காணும் வகை 2021-ல் வந்தது. மண்ணில் பச்சையைக் காண்பது எளிது. மக்காச்சோளம், சோயா, பருத்திக்கு நடுவே களையைப் பிரித்தறியும் வகை 2022-ல் அறிவிக்கப்பட்டது. 120 அடி நீளத் தெளிப்புக் கையில் 36 கேமராக்கள். மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகம். இதில் இரண்டு தொட்டிகள். முளைக்குமுன் களையைத் தடுக்கும் மருந்து மண் முழுவதும் விழ வேண்டும், அதற்கு ஒன்று. முளைத்த களைக்கு மற்றொன்று.

மிச்சம் யாருக்கு?

2024-ல் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இக்கருவி ஓடியதாகவும், சராசரியாக 59 சதவீத மருந்து மிச்சமானதாகவும், 80 லட்சம் காலன் கலவை குறைந்ததாகவும் ஜான் டியர் கணக்குச் சொல்கிறது. கலவை என்றால் பெரும்பகுதி தண்ணீர் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டிய கணக்கு இது. தவிர, களை மண்டிய வயலில் மிச்சமும் குறையும்.

கருவியின் விலை போக, ஓட்டிய ஏக்கருக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் வசூலிக்கப்பட்டது. கீரை வயலில் கூலிக்கு ஓட்டிய நாளில் பிடிக்காத விவசாயி அடுத்த முறை கொத்துக்கே திரும்பிவிடலாம். இப்போதோ பெருந்தொகை கொடுத்துத் தெளிப்பானை வாங்கியவர், அதன் கண்ணைத் திறக்க ஆண்டுதோறும் பணம் கட்டினார். மருந்தில் மிச்சமானது எவ்வளவு, கட்டணமாகப் போனது எவ்வளவு என்று ஒவ்வொரு வயலுக்கும் அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. புதிய தெளிப்பான் வாங்க முடியாதவர்களுக்காக, 2018 முதல் வந்த மாதிரிகள் சிலவற்றில் பிற்பாடு பொருத்திக்கொள்ளும் வகையும் வந்துள்ளது.