உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்கப் பள்ளி உணவகங்களில் தெர்மாகோல் தட்டு பல்லாண்டுகள் நீடித்ததற்கு முக்கியக் காரணம் விலைதான். அப்போது ஒரு தெர்மாகோல் தட்டு சுமார் 4 சென்ட்; மட்கும் தட்டோ 10 சென்டுக்கும் மேல். நியூயார்க் பள்ளிகளில் மட்டும் தினமும் 8 லட்சத்துக்கும் அதிகமான தட்டுகள் குப்பைக்குப் போயின. ஒரே ஒரு மதிய உணவுக்காக!

நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, மயாமி, டல்லாஸ், ஆர்லாண்டோ ஆகிய ஆறு பெருநகரங்களின் பள்ளி நிர்வாகங்கள் கூட்டணி அமைத்து, மட்கும் தட்டுகளின் மொத்தக் கொள்முதலுக்கு ஒன்றாகப் பேரம் பேசின. விலை 4.9 சென்டுக்கு இறங்கியது. பழைய செய்தித்தாள் கூழில் செய்த வட்டத் தட்டு 2015-இல் புழக்கத்துக்கு வந்தது. ஒரு நகரம் தனியாகக் கேட்டிருந்தால் இந்த விலை கிடைத்திருக்காது.

ஆனால் தட்டை மாற்றினால் மட்டும் போதாது. மட்கும் தட்டும் மிச்சச் சோறும் குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் வாயுதான் கிளம்பும். அதனால், சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் மிச்சப் பாலை வாளியில் ஊற்றி, பிளாஸ்டிக்கைத் தனியே எடுத்துவிட்டு, தட்டை உரத்தொட்டியில் அடுக்கப் பழக வேண்டும். கழுவிப் புழங்கும் எவர்சில்வர் தட்டு இதைவிடவும் மேல். ஆனால் அதற்குத் தண்ணீரும் கழுவும் வசதியும் ஆட்களும் வேண்டும்.