கண்ணுக்குத் தெரியுது... கம்ப்யூட்டருக்குத் தெரியலையே!

"அண்ணே, எங்க அப்பா லிஸ்ட்டுலயே இல்லைங்குதுண்ணே!"

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். செல்போனை நீட்டியபடி வந்து நின்றான் எங்கள் தெருக்கோடிப் பையன். வலை இழுத்துக் காய்த்துப்போன கை. அன்றைக்கு அதில் லேசான நடுக்கம்.

விஷயம் இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த வீடு. அப்பா இப்போது இல்லை. வீட்டை அம்மா பெயருக்கு மாற்றப் போனால், 'பழைய பயனாளிகள் பட்டியலில் உங்க அப்பாவோட வரிசை எண் என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பட்டியலை பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். நூற்றுச் சொச்சம் பக்கம். பையன் தேடல் கட்டத்தில் அப்பா பெயரை அடித்தான். இல்லை! சந்தேகப்பட்டு ஊர்ப் பெயரை அடித்தான். அதுவும் இல்லையாம்! முதல் பக்கத்துத் தலைப்பிலேயே 'தரங்கம்பாடி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, சார்!

நான் பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள பந்தம் டேலியோடு சரி. ஆனால் ஐந்தொகையில் நாலு ரூபாய் உதைத்தால், எங்கே உதைக்கிறது என்று தூங்காமல் தேடுகிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. "கொண்டா இப்படி" என்றேன்.

தலைப்பில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லை அழுத்திப் பிடித்து, காப்பி எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டினோம். என்ன வந்து விழுந்தது தெரியுமோ? ஜே, கே, பி, ஓ என்று நாலு இங்கிலீஷ் எழுத்து, கடைசியில் ஒரு அரைப்புள்ளி!

குட்டு வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் டி.டி.பி. சென்டர்களில் கொடிகட்டிப் பறந்த 'பாமினி' வகை எழுத்துரு அது. கம்ப்யூட்டர் தனக்குள் வைத்திருப்பது 'ஜே'தான். அதற்கு 'த' என்ற சட்டையை மாட்டி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. தேடல் கட்டத்துக்குச் சட்டை தெரியாது, உள்ளே இருக்கும் ஆள்தான் தெரியும். நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள்; அது இங்கிலீஷ் ஆசாமியை வைத்துக்கொண்டு 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்கிறது. பொய் சொல்லவில்லை, பாவம்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல். நடுவில் ஆளுக்கொரு எழுத்துரு, அலுவலகத்துக்கொரு கீபோர்டு. அந்த வருஷங்களில் அடித்த கோப்புகள் எத்தனை எத்தனை பீரோவில், சி.டி.யில் தூங்குகின்றனவோ!

வைத்தியம் இருக்கிறது. என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் மாதிரி எழுத்துரு மாற்றிகள் உண்டு. பழைய எழுத்தைக் கொடுத்தால் யூனிகோடாக மாற்றித் தரும். காப்பியே எடுக்க முடியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது எழுத்தல்ல, போட்டோ. அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்தைப் படித்து எழுத்தாக்கும். சில இடத்தில் 'ர'வைத் துணைக்காலாகப் படித்து மானத்தை வாங்கும். கண்ணால் ஒரு தரம் சரிபார்ப்பது உத்தமம்.

எங்கள் கோப்பை மாற்றினோம். மறுபடி அப்பா பெயர். மறுபடி இல்லை!

பையன் முகம் சுண்டிவிட்டது. "சரிண்ணே, விடுங்க" என்று எழுந்தே விட்டான்.

"உட்காருடா!"

அப்பா பெயர் 'கோ'வில் ஆரம்பம். வில்லன் அங்கேதான் இருந்தான். 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. 'க'வோடு இரட்டைச் சுழிக் கொம்பு, அப்புறம் துணைக்கால் என்று தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே. விவரமான மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும். விவரம் போதாதது, ஒரே ஆளை ரெண்டு பேர் என்று சாதிக்கும். பையனின் போன் அடித்தது முதல் ரகம். மாற்றி தந்தது இரண்டாவது. 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடிப்பவர்களால் வரும் தொல்லை இதற்குப் பங்காளி.

பி.டி.எஃப்.பில் இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. பல சமயம் கொம்பு முதலில், 'க' பின்னால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகள் கிடக்கும். கையால் அச்சுக் கோத்தவர்கள் அப்படித்தான் கொம்பை முன்னால் வைத்துக் கோத்தார்கள். அதிலும் நம் ஊர் லேசுப்பட்டதா? 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊராயிற்றே! அந்தக் காலத்தில் 'கொ'வும் 'கோ'வும் எழுத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரட்டைச் சுழி வீரமாமுனிவர் தந்தது என்பார்கள். அப்போது இந்தப் பட்டியலைத் தேடியிருந்தால்... வேண்டாம், நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஊரைத் தேடினாலும் இதே கதைதான். இங்கிலீஷ்காரர் 'கியூ' போட்டு டிராங்குபார் என்றார். டேனிஷ்காரர் 'கே' போட்டு எழுதினார். நாம் 'தரங்கம்பாடி' என்று மட்டும் அடித்தால், 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர் எழுதி வைத்ததெல்லாம் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டு போனில் 'அம்மா' என்று இங்கிலீஷில் பதிந்துவிட்டுத் தமிழில் தேடுகிற ஆசாமிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

தந்திரம் சுலபம். கொம்பும் துணைக்காலும் இல்லாத எழுத்தாகப் பொறுக்கி, பெயரின் ஒரு துண்டை மட்டும் தேட வேண்டும். முன்னால் உள்ள 'கோ'வை வெட்டிவிட்டு, வால் மூன்றெழுத்தை அடித்தேன்.

பதினாலு பேர் வந்தார்கள்! ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே போனோம். ஒன்பதாவது ஆளிடம் பையன் விரல் நின்றது. தாத்தா பெயர் சரி. தெரு சரி. வரிசை எண் பளிச்சென்று இருக்கிறது.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. திரையில் அப்பா பெயர்மேல் கட்டை விரலை வைத்தபடியே இருந்தான். நான் கடலைத் தோலை ஊதுகிற சாக்கில் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். "வரேண்ணே" என்று பத்தடி போனவன், திரும்பி ஓடி வந்தான்.

"அண்ணே... இப்ப எடுத்தேனே அந்த ஸ்கிரீன்ஷாட்டு, அதைப் போன்ல எங்கண்ணே தேடறது?"