கோடைச் செலவும் அமெரிக்கத் தேசீயப் பூங்காக்களும்

பூங்கா என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? நகராண்மைக் கழகத்தார் வளர்க்கும் புற்றரையும், நான்கைந்து விசிப்பலகைகளும், மாலையிற் காற்று வாங்க வரும் மக்களுமே யன்றோ? அக்கருத்தோடு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசீயப் பூங்காக்களை அறியப் புகுவோர் பெரிதும் மயங்குவர். 1872-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற எல்லோஸ்டோன் பூங்கா ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தினும் பெரிது. அதனுள் 8 என்னும் எண்ணின் வடிவாய்ச் சுற்றியோடும் சாலை மட்டுமே 142 மைல் நீளமுடையது. இத்தகைய பூங்காக்களை நாடி, பெற்றோரும் பிள்ளைகளுமாக மோட்டார் வண்டியிற் புறப்படுதல் அந்நாட்டார் கோடை விடுமுறையில் மேற்கொள்ளும் வழக்கம்.

யான் அவற்றை நேரிற் கண்டறியேன். ஆயினும் ஆங்கு வாழும் என் சிறிய தந்தையார் குடும்பம், ஏழு நாளில் ஐந்து பூங்காக்களைக் கண்டு முடிப்போமெனப் புறப்பட்டுச் சாலையையே கண்டு மீண்ட கதையைக் கடித வாயிலாக அறிவேன். வீடு திரும்பியபின் அவர்தம் இளைய மகள் வரைந்த படத்தில் மலையுமில்லை, அருவியுமில்லை. பெட்ரோல் நிலையம் ஒன்றே இருந்ததாம்! அக்கடிதமே என்னை இப்பொருளை ஆராயத் தூண்டிற்று.

தமிழில் ‘செலவு’ என்னுஞ் சொல் பயணத்தையுங் குறிக்கும். பொருள் கழிவதையுங் குறிக்கும். இரண்டும் இங்கு ஒருங்கே பொருந்துதல் காண்க. அகப்பொருள் நூலார் ‘செலவழுங்கல்’ என ஒன்று கூறுவர். பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் துயர் கண்டு போக்கைத் தவிர்தல் அது. தேசப்படத்தை விரித்து விரலால் வழி குறிக்கும் தந்தைமார் முதற்கண் பயிலவேண்டுவதும் அச்செலவழுங்கலே என்பது என் துணிபு. பத்துப் பூங்காக்களை எண்ணி, எட்டினைக் கைவிட்டு, இரண்டிற்குச் செல்வோரே நன்கு காண்பர்.

என்னை? படத்தில் ஒரு சாண் அகலத்துள் அடங்கும் எல்லோஸ்டோனுக்கும் கிராண்டு கேன்யன் தென்கரைக்கும் இடையே சாலைவழி 800 மைலுக்கு மேலாகும். இரண்டு நாட்கள் வண்டியிலேயே கழியும். கிராண்டு கேன்யனின் இரு கரைகளுக்கும் இடைவெளி நேர்க்கோட்டிற் பத்து மைலே. கூவினாற் கேட்கும் போலத் தோன்றும் எதிர்க்கரையை வண்டியில் அடையவோ 200 மைலுக்கு மேல் சுற்றவேண்டும். எல்லோஸ்டோனுக்குள் மணிக்கு 45 மைலுக்கு மேல் ஓட்டுதல் ஆகாது. காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டாலோ ஓட்டமே இல்லை.

சால்ட் லேக் நகரினின்று புறப்படும் குடும்பத்திற்குப் பத்து நாள் ஓய்வு உண்டெனக் கொள்வோம். முதல் நாள் 280 மைல் சென்று ஜாக்சன் என்னும் ஊரை அடையலாம். அதனருகே கிராண்டு டீட்டன் பூங்கா. ஆங்கு மூன்று இரவு. அதற்கு வடக்கே அண்மையிலேயே எல்லோஸ்டோன். ஆங்கு நான்கு இரவு. எஞ்சிய நாட்கள் வழிக்கும் இளைப்பாறவும் போதும்.

அடுத்து எண்ணத்தக்கது பருவம். கோடை என்னும் ஒரு சொல் அப்பெருநாடு முழுவதற்கும் ஒரே பொருள் தருவதன்று. வடக்கே கிளேசியர் பூங்காவில், கதிரவனை நோக்கிச் செல்லும் சாலை எனப் பொருள்படும் பெயருடைய மலைச்சாலை 6,646 அடி உயரமுள்ள லோகன் கணவாயைக் கடக்கிறது. பனியை வெட்டியகற்றி அதனை முழுதுந் திறப்பதற்குப் பெரும்பாலும் ஜூன் இறுதியோ ஜூலையோ ஆகிவிடும். ஜூன் தொடக்கத்திற் செல்வோர் பாதிவழியில் திரும்ப நேரும். தெற்கே டெத் வேலியிலோ 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் பாரன்ஹீட் 134 பாகை வெப்பம் பதிவாயிற்று. குழந்தைகளோடு ஜூலையில் அங்குச் செல்லுதல் அறிவுடைமையாகாது. சீயோன் என்னுந் திருமறைப் பெயர் தாங்கிய யூட்டா மாநிலப் பூங்காவில், இரு செங்குத்துப் பாறைகளினிடையே ஆற்றுநீரில் நடந்து செல்லும் இடுக்குவழி ஒன்றுண்டு. தலைமேல் வானம் தெளிந்திருக்க, பல மைலுக்கு அப்பாற் பெய்த மழையே அதனுள் வெள்ளமாய்ப் பாயும். ஆதலின் காலையிற் காவலர் நிலையத்தில் வினவியறிந்த பின்னரே அதனுட் புகுதல் வேண்டும்.

தங்குமிடம் பூங்காவினுட் குறைவு. கூடாரமடிக்கும் இடங்கள் பலவற்றிற்கு ஆறு திங்கள் முன்னரே பதிவு தொடங்கும். ஜூலைப் பயணத்திற்குத் தைத்திங்களிலேயே முயலவேண்டும். கட்டணத்தைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. பெரிய பூங்காக்கள் பலவற்றில் வண்டியொன்றுக்கு 35 டாலர்; அந்நாட்டினர்க்கு ஆண்டுச் சீட்டு 80 டாலர். ஆதலின் மூன்று பூங்காக்கள் காண்போர்க்கே அச்சீட்டு ஊதியமாகும். அயல்நாட்டார்க்கு 2026 முதற் கட்டணம் மிகுதி. நான்காம் வகுப்பிற் பயிலும் பிள்ளையுடைய அந்நாட்டுக் குடும்பத்திற்கோ இலவசச் சீட்டு உண்டு!

பணத்தினும் பெரிது பிள்ளைகளின் உயிர். எல்லோஸ்டோனின் வெந்நீரூற்றுக்களைச் சுற்றியுள்ள நிலம் மெல்லிய ஓடு போன்றது, அடியிற் கொதிநீர். பலகைப் பாதையை விட்டிறங்கி வெந்து மாண்டோர் பலர். காட்டெருமைக்கு 25 கஜமும், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜமும் விலகி நிற்றல் விதி. நல்ல படம் பிடிக்கவேண்டுமென இவ்விதியை மீறுவோர் பிள்ளைகளல்லர். பெரும்பாலும் பெற்றோரே என்று தோன்றுகிறது.

ஓல்டு பெய்த்புல் என்னும் ஊற்று ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை பீறிட்டெழும். அதுகாறும் சிறுவரை அமர்த்தி வைப்பது எங்ஙனம்? அதற்கும் வழியுண்டு. பூங்காக் காவலர் சிறுவர்க்கென ஒரு சிறு புத்தகம் தருவர். கண்ட விலங்கையும் கல்லையும் மரத்தையும் அதிற் குறித்துக் காட்டின், உறுதிமொழி கூறுவித்து, ‘இளங்காவலர்’ எனச் சின்னமும் அளிப்பர். அதற்கு ஒரு முற்பகலேனும் ஒதுக்குதல் வேண்டும். அடுத்த கோடையில் ஒரே பூங்காவிற்குச் செல்லப்போவதாகச் சிறிய தந்தையார் எழுதியிருக்கின்றார்; சின்னம் எந்நிறத்தது என்பதே அச்சிறுமி இப்போது கேட்கும் வினாவாம்.