கிலுகிலுப்பைச் செடி

மறையூரிலிருந்து சின்னாறு போகும் வழி. மழை ஓய்ந்ததும் புல்லோடு புல்லாக மஞ்சள் பூக்கள் தெரியும். எல்லாம் ஒரே செடி அல்ல.

நெருஞ்சியும் மஞ்சள்தான். தரையில்தான் படரும். அதன் ஐந்து இதழும் ஒரே அளவு. காயில் முள் இருக்கும்.

கிலுகிலுப்பைப் பூ வேறு மாதிரி. அவரைப் பூவைப் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்புதான். ஓர் இதழ் அகலமாக நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதழ்கள். அடியில் இரண்டு இதழ்கள் சேர்ந்து படகு போல இருக்கும்.

சந்தேகமா? காயைப் பாருங்கள். பலூன் போல உப்பியிருக்கும். காய்ந்த காயை ஆட்டினால் விதைகள் கலகலக்கும். பெயர் வந்தது அதனால்தான். வயலுக்கு உரமாகும் சணப்பும் இந்த இனமே.

ஆனால் சில கிலுகிலுப்பை விதைகளில் நஞ்சு உண்டு. அது ஈரலைக் கெடுக்கும். 1975 வாக்கில் சர்குஜா மாவட்டத்தில் பலருக்கு வயிறு வீங்கியது. (சர்குஜா இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ளது.) 67 பேர் நோயுற்றார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை விதை கலந்திருந்தது.

மறையூர் மலைக்குடிகளிலும் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. சாமைக்குள் இந்தச் செடி தெரிந்தால், பூக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். காய் வெடித்தால் விதை மண்ணில் விழும். அடுத்த ஆண்டும் முளைக்கும். பிடுங்கியதை மாட்டுக்குப் போடாதீர்கள். மாட்டுக்கும் அது நஞ்சு.

அறுவடைக்குப் பின் தானியத்தைப் புடைத்துச் சலியுங்கள். வழவழப்பான, சிறுநீரக வடிவ விதைகள் கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்ப வேண்டாம்.