முப்பத்தொன்பது லிட்டர் ஆவி

இரவு மைனஸ் ஐந்து, பகல் பிளஸ் ஐந்து. பெப்ரவரி கடைசியில் இந்த இரண்டு எண்களும் ஒரே நாளில் சேர்ந்து வருமா என்று கைபேசியைத் தடவித் தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரியிலிருந்து அதிக தூரமில்லாத ஊரொன்றில் என் வீடு. பின்வளவில் ஒரு மேப்பிள் மரம். வீட்டை வாங்கிப் பதினாலு வருஷமாக அது எனக்கு இலை கூட்டும் வேலையை மட்டுமே தந்துகொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம், வேலிக்கு அப்பால் இருக்கும் கிழவர் ஒருநாள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “உன்னுடையது சீனி மேப்பிள். சும்மா நிற்கவிட்டிருக்கிறாயே” என்றார், நான் ஏதோ பசுவை வைத்துக்கொண்டு பால் கறக்காமல் இருப்பதுபோல.

நான் பிறந்த ஊரில் மரநீரைக் காய்ச்சி எடுப்பதைப் பாணி என்போம். பனம்பாணி, கித்துள் பாணி. கனடாவில் போத்தலில் மேப்பிள் சிரப் என்று எழுதி விற்பதும் அந்த வகைதான்: மரத்தின் நீரை நெருப்பில் வற்றவைத்து எடுப்பது. சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. சீனி வேண்டாம், புளி வேண்டாம், ஏலக்காய் வேண்டாம். நீரை விரட்டினால் போதும். அது எவ்வளவு நீர் என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது.

மரத்தைக் கோடையிலேயே அடையாளம் பார்த்துவைக்க வேண்டும். பனிக்காலத்தில் எல்லாம் ஒரேமாதிரி மொட்டையாக நிற்கும். இங்கே நகரங்களில் ஏராளமாக நட்டது நோர்வே மேப்பிள். அதன் இலைக்காம்பை ஒடித்தால் பால் வடியும். சீனி மேப்பிளில் வடியாது. எருக்கலையை ஒடித்து விளையாடி வளர்ந்தவனுக்கு இந்தச் சோதனை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நோர்வே, சிவப்பு, வெள்ளி மேப்பிள்களிலும் நீர் எடுக்கலாம். ஆனால் இனிப்புக் குறைவு, விறகும் காஸும் அதற்கேற்பக் கூடும். வீட்டு முன்னால் வீதியோரம் நிற்பது நகரசபையின் மரம். அதில் கை வைக்கக்கூடாது.

என் மரத்தின் சுற்றளவு நெஞ்சு உயரத்தில் ஒரு மீட்டருக்கு மேல். இளமரங்களைத் துளைப்பதில்லை; குறுக்களவு 25, 30 சென்ரிமீற்றராவது வந்திருக்க வேண்டும். எட்டு மில்லிமீற்றர் அலகு பூட்டிய ட்ரில்லால், சற்று மேல்நோக்கிச் சாய்த்து, நாலு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளை. வெளியே வரும் தூள் வெளிர்நிறமாக இருந்தால் உயிருள்ள மரம். கபிலமாக வந்தால் செத்த பகுதி, அங்கே சொட்டும் கிடைக்காது. துளையில் சின்னக் குழாயைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கி, மூடியுள்ள வாளியைத் தொங்கவிட வேண்டும். பழைய தகர வாளிகள் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் ஒட்டில் ஈயம் இருக்கக்கூடும். நான் உணவுக்கு உகந்த பிளாஸ்ரிக் வாளிதான் வாங்கினேன்.

குழாயைத் தட்டி முடிக்குமுன்னே முதல் துளி வந்துவிட்டது. விரலில் ஏந்தி நக்கினேன். தண்ணீர். விழுங்கிய பிறகு, இனித்ததோ என்று ஒரு சந்தேகம்.

ஊரில் எங்கள் வளவுப் பனைகளைச் சீவ ஒருவர் வருவார். காலையும் மாலையும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். சுண்ணாம்பு இருந்தால் கருப்பநீர்; இல்லாவிட்டால் இறக்கும்போதே கள். அந்தக் கருப்பநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சீனி இருக்கும். குடித்தால் உதடு ஒட்டும். மேப்பிள் நீரிலோ நூற்றில் இரண்டு பங்குதான். ஒரு லிட்டர் பாணிக்கு ஏறத்தாழ நாற்பது லிட்டர் நீர் வேண்டும். மேப்பிள்காரரிடம் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: 86ஐ இனிப்பின் சதவீதத்தால் வகுத்துக்கொள். இரண்டு சதவீதம் என்றால் 43 பங்கு நீருக்கு ஒரு பங்கு பாணி.

இரண்டு மரமும் இனிப்பைத் தரும் வழியே வேறு. பனையில், ஓலை இன்று வெயிலில் சமைத்த சீனி பூவுக்குப் போகும் பாதையில் நாம் மறித்து வாங்குகிறோம். மேப்பிளில் வருவது போன கோடையில் இலை சமைத்து, மாவாக மரத்துக்குள் பூட்டி வைத்தது. குளிரில் அந்த மாவு சீனியாக மாறி நீரில் கரைகிறது. பனையினுடையது அன்றாட வருமானம், மேப்பிளினுடையது வங்கிச் சேமிப்பு. வெளியே ஓடுவதற்குக் காரணம் அந்த மைனஸ் ஐந்தும் பிளஸ் ஐந்தும். மற்ற மரங்கள் பலவற்றில் தண்டின் நார்களுக்குள் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளின் நார்களில் காற்று இருக்கிறது. இரவில் உறையும்போது அந்தக் காற்று சுருங்க, பனிக்கட்டி படிய, மரம் வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பகலில் பனி உருக, நெருக்குண்ட காற்று விரிந்து நீரை வெளியே தள்ளுகிறது. உறையாத இரவு வந்தால் மறுநாள் வாளி காய்ந்து கிடக்கும். ஒரு நல்ல நாளில் ஒரே குழாயில் நாலைந்து லிட்டர்கூட இறங்கியிருக்கிறது.

முதல் வருஷம் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குழாயில் சேர்ந்த முதல் இருபது லிட்டரை இரண்டு கிடாரத்தில் ஊற்றி, சமையலறை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனேன். வெளியே மைனஸ், யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. மூன்று மணித்தியாலத்தில் புகை எச்சரிக்கும் கருவி அலறத் தொடங்கியது. “இஞ்சருங்கோ, குசினிக்குள்ள மழை பெய்யுது” என்று மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மெய்யாகவே முகட்டிலிருந்து சொட்டுகிறது. அலுமாரிக் கதவு உப்பிவிட்டது. அடுப்புக்கு மேலே பெயின்ற் அப்பளம்போல் எழும்பி நின்றது. நீரை விரட்டுவதென்றால் அது எங்கேயாவது போகத்தானே வேண்டும்? ஒரு லிட்டர் பாணி கிடைக்க முப்பத்தொன்பது லிட்டர் ஆவி வீட்டுக்குள் உலவும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முழுவதும் வற்றுமுன்னே அடுப்பை அணைப்பித்தாள். எஞ்சியதை அடுத்தநாள் வெளியே கொண்டுபோய் வைத்து, கடைசிக் கட்டத்தில் வாசல் மணி அடித்ததென்று போய்ப் பொதி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் தாச்சி கரி. அந்த இருபது லிட்டரில் எனக்கு மிஞ்சியது ஒரு வாசம் மட்டும்.

இப்போது எல்லாம் பின்வளவில்தான். இங்கே விறகு மூட்ட அனுமதி எடுக்கவேண்டும் என்பதால் காஸ் அடுப்பு. காற்றுப் படாமல் மூன்று பக்கமும் சீமெந்துக் கல். அதன்மேல், கலியாண மண்டபங்களில் சோறு கறி பரப்பி வைப்பார்களே, அந்த நீளச்சதுர எவர்சில்வர்த் தட்டுகள் இரண்டு. பாத்திரம் ஆழமாக இருக்கக்கூடாது, அகலமாக இருக்கவேண்டும். ஆவி பறப்பது மேற்பரப்பில்தானே. நாற்பது லிட்டரை வற்றவைக்க எனக்கு ஒரு முழுப் பகல் போகும். கம்பளித் தொப்பி, மடிக்கதிரை, தேத்தண்ணிப் போத்தல், வானொலி. ஒரு தட்டில் வற்ற வற்ற மற்றதிலிருந்து சூடான நீரை அகப்பையால் அள்ளி ஊற்றவேண்டும். குளிர்ந்த நீரை ஊற்றினால் கொதி அடங்கி, திரும்ப ஏற அரைமணி பிடிக்கும்.

சேர்ந்த நீரைப் பால் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் வைக்கலாம், குளிரில். நான் வாளிகளை வேலியோரப் பனிக்குள் புதைத்துவிடுவேன். காலையில் மேலே ஆடைபோல் ஐஸ் கட்டியிருந்தால் அதை எடுத்து எறிந்துவிடுவேன். உறைவது பெரும்பாலும் வெறும் நீர், இனிப்பு கீழே தங்கிவிடும். இது கிழவர் சொன்னது. கிழவருக்கு முன்னே இந்த மண்ணின் மக்கள் அறிந்தது. ஐரோப்பியர் வருமுன்பே அனிஷினாபே மக்கள் பூர்ச்சமரப் பட்டையில் தைத்த பாத்திரங்களில் மேப்பிள் நீரைச் சேர்த்து, பழுக்கக் காய்ந்த கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். பாணியோடு நிறுத்தாமல் சீனியாகவே கிண்டி எடுத்துவிடுவார்கள். பாணி பழுதாகும், சுமக்கவும் பாடு. கட்டியென்றால் வருஷம் முழுக்க இருக்கும். பனங்கட்டியைக் குட்டானில் கட்டித் தூக்கிய எங்கள் ஆட்களின் யோசனையும் அதுதான். அனிஷினாபே மக்களின் மாதங்களில் ஒன்றுக்குச் சீனி காய்ச்சும் நிலா என்றே பெயர்.

பொன்னிறம் ஏறியதும் நுரை கிளம்பும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை தாண்டும். ஊரில் கருப்பநீர் பொங்காமல் இருக்க ஆமணக்கு விதையை இடித்துப் போடுவார்கள். இங்கே சிறுநகத்தளவு பட்டர். தொட்டதும் நுரை சுருண்டு படுத்துவிடும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது கொழுப்புத்தான்.

ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று வந்ததும் சின்னத் தாச்சிக்கு மாற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோவேன். அந்தளவு ஆவிக்கு இப்போது அனுமதி உண்டு. இனி நகரக்கூடாது. யார் மணி அடித்தாலும் நகர்வதில்லை. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்திலிருந்து நாலு பாகை மேலே போனால் பாணி; என் வீட்டில் பெரும்பாலும் 104. காற்றழுத்தத்தோடு கொதிநிலையும் மாறுவதால், அன்று காலை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மானியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அந்த நாலு பாகை ஏறிய பாணியில் நூற்றுக்கு 66 பங்கு சீனி. அதற்கு முன்னே இறக்கினால் போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். தாமதித்தால் அடியில் கற்கண்டு விளையும். வெப்பமானி இருந்தும் நான் அகப்பையைத் தூக்கித்தான் பார்க்கிறேன். சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு சொட்டு ஒன்றுசேர்ந்து தகடாகத் தொங்கி விழவேண்டும். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சிய வீட்டில் பிறந்தவருக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் கொஞ்சத்தை இன்னும் பத்துப் பாகை மேலே ஏற்றி, முற்றத்துச் சுத்தமான பனியின்மேல் ஊற்றுவேன். இழுபடும் மிட்டாயாக இறுகும். அவர்கள் குச்சியில் சுருட்டித் தின்பார்கள். கியூபெக்கில் அதற்கென்றே ஊர் கூடும்.

இறக்கியதும் பாணி கலங்கித் தெரியும். கீழே நறநறவென்று மணல் படியும். இது அழுக்கில்லை. மரநீரில் இருந்த சுண்ணச்சத்து வற்றும்போது கட்டியாவது. மேப்பிள்காரர் சீனி மணல் என்பார்கள். தடித்த கம்பளித் துணிக் கூம்பில் சூட்டோடு வடித்து, சூடு 85 பாகைக்குக் கீழே இறங்குமுன் போத்தலில் நிரப்பி மூடவேண்டும்.

கியூபெக் என்றதும் ஞாபகம் வருகிறது. உலகத்து மேப்பிள் பாணியில் பெரும்பங்கு அந்த மாகாணத்திலிருந்துதான். விலை விழாமல் இருக்க அங்கே பாணிக்கென்று பெரிய சேமிப்புக் கிடங்குகளே வைத்திருக்கிறார்கள். 2011, 2012இல் அப்படியொரு கிடங்கிலிருந்து ஏறத்தாழ 3,000 தொன் பாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவெடுத்துவிட்டார்கள். பெறுமதி ஏறத்தாழ 1.8 கோடி கனடிய டொலர். பீப்பாய்கள் சிலவற்றில் பதிலுக்குத் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். மடிக்கதிரையில் நாள் முழுக்க இருந்து தண்ணீரை வெளியேற்றுகிறவனுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் நெஞ்சில் தைத்தது.

கணக்குக் கேட்டால் சொல்ல வெட்கம். ஒரு குழாய் ஒரு பருவத்தில் சராசரி நாற்பது லிட்டர் நீர், அதாவது ஒரு லிட்டர் பாணி தரும். கிழவரின் இரண்டு மரங்களையும் சேர்த்து இப்போது எனக்கு ஐந்து குழாய். ஒன்பது கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றில் இரண்டு லிட்டர் பாணி எடுத்தால் அது என் கெட்டித்தனம். சிலிண்டர், போத்தல், துணி எல்லாம் பார்த்தால் கடையில் வாங்குவதுதான் மலிவு. “இந்தக் காசுக்குக் கடையில தகரம் தகரமா வாங்கியிருக்கலாம்” என்று மனைவி வருஷாவருஷம் சொல்வாள். சொல்லிக்கொண்டே புட்டுக்கு மேல் என் போத்தலைச் சரிப்பாள்.

அதுவும் கடைசிப் போத்தல்களைத்தான் சரிப்பாள். என் யன்னல் கரையில் போத்தல்களைத் தேதிப்படி அடுக்கியிருக்கிறேன். மார்ச் தொடக்கத்தில் காய்ச்சியது தேன்போல வெளிர் பொன். போகப்போக வெயில் ஏற, வாளிக்குள் நுண்ணுயிர்கள் பெருகிச் சீனியை உடைக்கின்றன. உடைந்த சீனி நெருப்பில் சீக்கிரம் கறுக்கும். ஏப்ரல் பாணி கிட்டத்தட்டப் பனங்கட்டி நிறம். கிழவருக்கு முதல் போத்தல்தான் வேண்டும், அதுதான் உயர்ந்ததென்பார். எங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை, சப்பென்று இருக்கிறதாம்.

மொட்டு உப்பத் தொடங்கினால் ஆட்டம் முடிந்தது. நீரின் வேதியியல் மாறி, காய்ச்சும்போதே ஒருவித நாற்றம் வரும். போன வருஷம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அந்த நாற்றம் வந்தது. வளவில் ஊற்றிவிட்டுக் குழாய்களைக் கழற்றப் போனேன். துளையை அடைக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மரமே மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளே அந்தக் கோடு முழுக்கச் செத்துக் கறுத்துவிடும். அடுத்த தடவை ஒரு சாண் தள்ளித்தான் துளைக்க வேண்டும். பழைய துளைகளைப் பட்டையில் எண்ணலாம். என்னுடைய முதல் வருஷத் துளை இப்போது ஒரு கொப்பூழ்.

கடைசிக் குழாயைப் பிடுங்கியபோது இரண்டு சொட்டு வந்து நின்றது. ஈரமான பட்டையின் வழியே எறும்பொன்று அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நான் கண்ட முதல் எறும்பு.