கடலுக்கு வேலி போடலாமா?

“ஆழ்கடலில் தொழிலில் ஈடுபட்டிருப்போர் உடனடியாகக் கரைக்குத் திரும்புமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.”

வானொலியில் இந்த அறிவித்தல் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். என் மாமா கடற்றொழில் செய்பவர். கிழக்குக் கரையில் வாழும் எங்களுக்குக் காற்றும் மழையும் கடலை மூடுவது புதிதல்ல. ஆனால், உலகின் பல இடங்களில் கடலை மூடுவது காற்றல்ல, சட்டம். ஏவுகணையையோ டோபிடோவையோ குண்டையோ பரிசோதிப்பதற்காக இராணுவங்கள் கடற்பரப்பில் ஒரு கோட்டை வரைந்து, “இதற்குள் வராதே” என்று அறிவிக்கின்றன. இதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது மாமாவிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

“காத்துக்குப் பயந்து கரையில நிக்கிறது வேற மகள். ஒருத்தன் நில்லு எண்டு சொல்லி நிக்கிறது வேற. அவனுக்கிட்ட ஏனெண்டு கேக்கலாம்.”

அப்படிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமுண்டா? இதுதான் என் கேள்வி.

முதலில் கடல் யாருடையது என்று பார்ப்போம். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் கடலைப் பல வலயங்களாகப் பிரிக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வரையுள்ளது ஆள்புலக் கடல். அங்கே கரையோர நாட்டுக்கு இறைமை உண்டு. ஆயினும் பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமையை அது மதிக்க வேண்டும். ஆயுதப் பயிற்சி போன்ற பாதுகாப்புத் தேவைக்காக அந்த உரிமையை இடைநிறுத்தலாம் என்று சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை அனுமதிக்கிறது. ஆனால், அந்த அனுமதி நிபந்தனைகளோடுதான் வருகிறது. இடைநிறுத்தம் தற்காலிகமானதாக இருக்க வேண்டும்; குறித்த பகுதிக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும்; நாடுகளுக்கிடையே பாகுபாடு காட்டக் கூடாது; முறையாகப் பிரசுரிக்கப்பட்ட பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும். முன்கூட்டிச் சொல்லாத தடை, தடையாகாது.

எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத திறந்த கடலின் நிலை வேறு. அதன் எந்தப் பகுதியையும் தன் இறைமைக்கு உட்படுத்த எந்த அரசுக்கும் முடியாது என்கிறது 89ஆம் உறுப்புரை. ஆகவே, அங்கே பரிசோதனை நடத்தும் நாடு பிற நாட்டவரை எச்சரிக்கலாம். அவர்களுக்குக் கட்டளையிட முடியாது. தன் சொந்தப் பிரசைகளுக்கும் தன் கொடியைப் பறக்கவிடும் கப்பல்களுக்கும் மட்டுமே அது சட்டம் இயற்றலாம். எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் சம்பவங்கள் எளிதாக விளங்கும்.

பசுபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது ஐக்கிய அமெரிக்காவின் நிருவாகத்தின் கீழ் இருந்தது. 1946ஆம் ஆண்டு அங்குள்ள பிக்கினி என்ற பவளத்தீவிலிருந்து 167 மக்கள் வேறு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். மனிதகுலத்தின் நன்மைக்காகவே அணுகுண்டைப் பரிசோதிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதன் பின்னர் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுவாயுதப் பரிசோதனைகள் நடைபெற்றன. அவற்றுள் 23 பிக்கினியில் நடந்தவை. சுற்றியிருந்த கடலில் ஓர் ‘அபாய வலயம்’ பிரகடனப்படுத்தப்பட்டு, கப்பல்கள் விலகிச் செல்லுமாறு எச்சரிக்கப்பட்டன.

1954 மார்ச் 1ஆம் திகதி விடியுமுன் பிக்கினியில் ஓர் ஐதரசன் குண்டு வெடிக்கவைக்கப்பட்டது. அதன் வலு ஏறத்தாழ 6 மெகாதொன் இருக்கும் என விஞ்ஞானிகள் எதிர்பார்த்தனர். வெடித்தது 15 மெகாதொன். அவ்வேளையில் ‘டைகோ புக்குரியு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் 23 பேருடன் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயருக்கு ‘அதிர்ஷ்ட நாகம் 5’ என்று பொருள். கப்பல் நின்ற இடம் அபாய வலயத்தின் எல்லைக்கு வெளியே. அவர்கள் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை.

மேற்கு வானில் பெரும் வெளிச்சம் தோன்றியது. சில மணித்தியாலங்களில் வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டத் தொடங்கியது. வெடிப்பில் தூளாகிய பவளப்பாறைதான் அது, கதிரியக்கம் நிறைந்தது. தூண்டில் கயிறுகளை இழுத்தெடுக்காமல் புறப்பட முடியாது. அந்தச் சாம்பலிலேயே நின்று அவர்கள் வேலையை முடித்தார்கள். இரு வாரங்களில் யாய்சு துறைமுகத்தை அடைந்தபோது அனைவரும் கதிரியக்க நோய்க்கு ஆளாகியிருந்தனர். வானொலிப் பொறுப்பாளர் அய்கிச்சி குபோயாமா அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி காலமானார். அவருக்கு வயது 40. அந்தச் சாம்பல் மீனவர்கள்மீது மட்டும் விழவில்லை. ரொங்கெலாப் தீவில் பிள்ளைகளோடு இருந்த குடும்பங்கள்மீதும் விழுந்தது. அவர்கள் வெளியேற்றப்பட்டது இரண்டு நாட்களுக்குப் பின்னரே.

கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு இப்படி நேர்ந்தால், அந்தக் கோட்டின் பொருள் என்ன? இதற்குப் பதிலாக ஐக்கிய அமெரிக்கா அபாய வலயத்தைப் பல மடங்கு பெரிதாக்கியது. 1955 ஜனவரியில் ஜப்பானுக்கு 20 இலட்சம் டொலர் கொடுத்தது. ஆனால், சட்டப் பொறுப்பை ஏற்று வழங்கிய நட்டஈடாக அல்ல. பரிவுத் தொகையாகவே கொடுத்தது. திறந்த கடலை இவ்வாறு மூடுவது சட்டத்துக்கு ஏற்றதா என்பதில் அமெரிக்கச் சட்ட அறிஞர்களே இரு பக்கமாகப் பிரிந்து வாதிட்டார்கள். மீன்பிடிப்பும் கப்பற்பயணமும் போலவே பாதுகாப்புக்கான பரிசோதனையும் கடலின் நியாயமான பயன்பாடுதான் என்றனர் சிலர். மற்றவருடைய பயன்பாட்டை அழித்துவிடும் பயன்பாடு எப்படி நியாயமாகும் என்று கேட்டனர் வேறு சிலர்.

நான்கு ஆண்டுகளின் பின் எச்சரிக்கை தடையாக மாறியது. 1958இல் அல்பேட் பிகெலோ என்பவர் மூன்று தோழர்களுடன் ‘கோல்டன் ரூல்’ என்ற சிறு பாய்க்கப்பலில் பரிசோதனை வலயத்தை நோக்கிப் புறப்பட்டார். அவர் முன்னாள் கடற்படை அதிகாரி. யாரையும் தாக்குவது அவர்களின் நோக்கமல்ல. வலயத்துக்குள் சென்று நிற்பதே அவர்களின் எதிர்ப்பு. அவர்கள் கடலில் வந்துகொண்டிருந்த வேளையில், ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டது. அமெரிக்கப் பிரசைகள் வலயத்துள் நுழைவது குற்றம் என்றது அது. ஹொனலூலு நீதிமன்றமும் பயணத்தைத் தடைசெய்தது. நால்வரும் மீறிச் சென்று கைதாகி 60 நாள் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

அந்த வழக்கை நீதிமன்றத்தில் அமர்ந்து கவனித்தது ஒரு குடும்பம். தந்தை ஏர்ள் ரெனோல்ட்ஸ் ஒரு மானிடவியலாளர். ஹிரோஷிமாவில் குண்டு வீச்சுக்குத் தப்பிய சிறுவர்களின் வளர்ச்சியைக் கதிரியக்கம் எவ்வாறு பாதித்தது என்று ஆராய்ந்தவர். மனைவி பாபரா, மகன் டெட், 14 வயது மகள் ஜெசிக்கா, ஜப்பானிய மாலுமி நியிச்சி மிக்காமி ஆகியோருடன் தமது ‘பீனிக்ஸ்’ என்ற பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி ஹொனலூலுவுக்கு வந்திருந்தார். அங்கிருந்து அவர்கள் செல்லவேண்டியது ஹிரோஷிமாவுக்கு. பெரிதாக்கப்பட்ட வலயம் அந்த வழியில் குறுக்கே கிடந்தது. 1958 யூலை முதலாம் திகதி அவர்கள் வலயத்துள் நுழைந்தார்கள். 65 கடல்மைல் உள்ளே சென்றபின் கரையோரக் காவற்படையினர் ஏறி ரெனோல்ட்ஸைக் கைதுசெய்தனர். என்னைவிட மூன்று வயது இளைய ஒரு பெண்பிள்ளை அந்தக் கப்பலில் நின்று இதைப் பார்த்திருக்கிறாள்.

ரெனோல்ட்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகியது. அவர் மேன்முறையீடு செய்தார். 1960இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. அணுகுண்டுப் பரிசோதனை தவறு என்று அது சொல்லவில்லை. ரெனோல்ட்ஸின் கொள்கை சரி என்றும் சொல்லவில்லை. சட்டம் வகுத்த நடைமுறையின்படி அந்த ஒழுங்குவிதி ஆக்கப்படவில்லை. ஆகவே அது செல்லாது. செல்லாத விதியை மீறியதற்காக ஒருவரைச் சிறையிலிட முடியாது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். சாதாரண மனிதர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய விதியை ஓர் அரச நிறுவனம் அவசரமாக எழுதி ஒட்டிவிட முடியாது. உலகின் மிகப் பெரிய குண்டை வைத்திருந்த அரசுக்கும் அது பொருந்தும்.

மாமாவின் கேள்விக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதற்கு இன்னுமோர் உதாரணம் பிரித்தானியா. அங்கு இராணுவப் பயிற்சி நிலங்களை மூடுவதற்கு 1892ஆம் ஆண்டின் இராணுவ நிலங்கள் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. 1900ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடலுக்கும் விரித்தது. ஆனால், துணைவிதிகளை ஆக்குமுன் அவற்றை அவ்வூர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆட்சேபனை தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும். கிடைக்கும் ஆட்சேபனைகளை ஆராய வேண்டும். எல்லைகளை அடையாளமிட வேண்டும் என்று அந்தப் பழைய சட்டமே கட்டளையிடுகிறது. ஸ்கொட்லாந்தில் ராசே தீவுக்கும் அப்பிள்குரோஸ் குடாநாட்டுக்கும் இடையிலுள்ள கடலில் நீருக்கடி ஆயுதங்களையும் நீர்மூழ்கிகளையும் பரிசோதிக்கும் ஒரு நிலையம் இருக்கிறது. 2016இல் அதன் எல்லையை விரிவாக்க முற்பட்டபோது, தமது தொழிலிடம் பறிபோகும் என்று அப்பகுதி மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். கேட்ட எல்லாமே கிடைத்துவிடும் என்பதல்ல. ஆனால், கேட்க ஒரு வாசல் சட்டத்திலேயே திறந்திருக்கிறது. பிக்கினி மக்களுக்கும் யாய்சு மீனவர்களுக்கும் அந்த வாசல் இருக்கவில்லை.

இராணுவம் கடலில் எந்தக் கோடும் வரையக்கூடாது என்பதல்ல என் வாதம். டோபிடோ ஓடும் இடத்தில் வலை விரிப்பது உயிருக்கு ஆபத்து. அங்கே தடை மீனவரையே காக்கிறது. ஆனால், எந்தத் தடையைப் பார்த்தாலும் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதை விதிக்க உனக்கு அதிகாரம் தந்தது யார்? கடலை நம்பி வாழ்பவருக்கு முன்கூட்டியே சொன்னாயா? அவர் சொன்னதைக் கேட்டாயா? எப்போது திறப்பாய்? ஐந்தாவதாக ஒரு கேள்வியை டைகோ புக்குரியு மாரு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது: நீ வரைந்த கோட்டுக்குள்ளேயே ஆபத்து நின்றுவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? காற்றும் நீரோட்டமும் வர்த்தமானி வாசிப்பதில்லை.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பெருமையான பங்குண்டு. நான் மேலே சொன்ன கடற்சட்டச் சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் தாம் மறையும் வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. பெரிய கடற்படை ஏதும் இல்லாத ஒரு சிறு தீவின் மகன், வல்லரசுகளை ஒரே மேசையில் இருத்திக் கடலின் சட்டத்தைப் பேசவைத்திருக்கிறார். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானமும் புவியியலும் கற்கும் மாணவிகள் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

கடலை மனிதருக்கு வசப்படுத்திக் கொடுத்ததை அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்றாகவே நாம் கருதுகிறோம். அருட்கொடை என்பது அமானிதமும்கூட. அமானிதத்தைப் பொறுப்பேற்றவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கோடு வரையும் அரசுகளுக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

டைகோ புக்குரியு மாரு இன்று டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் படத்தை மாமாவுக்குக் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். குண்டின் வலுவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “கோட்டுக்கு வெளியதானே நிண்டிருக்காங்க. அவங்கட ஊட்டாக்களுக்கு ஆரு பதில் சொன்ன?”