மின்கம்பத்தில் வரும் ஒளி
சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் அரசு இழைவலை

வீட்டிற்கு மின்விளக்கைக் கொணர்ந்த கம்பமே இன்று வேறோர் ஒளியையும் சுமந்து நிற்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வொளி, மயிரிழை போன்ற கண்ணாடி நாரினுள் ஓடி, இன்டர்நெட், தொலைபேசி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டு சேர்க்கிறது. சித்தூர், திருப்பதி ஜில்லாக்கள் உள்ளிட்ட ஆந்திரப் பிரதேசத்தில் இதனை அமைத்தது, 2015-இல் நிறுவப்பெற்ற அரசு நிறுவனமாகிய ஃபைபர்நெட். இதன் முதற்கட்டத்தை அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 2017 டிசம்பர் 27-இல் துவக்கி வைத்தார்.

மின்கம்பம் ஏன்?

வடத்தை மண்ணில் புதைக்கச் சாலைகளைத் தோண்ட வேண்டும். பல இலாகாக்களின் அனுமதியும் வேண்டும். பாறையும் குன்றும் மிகுந்த இப்பகுதியில் செலவு இன்னும் கூடும். மின்கம்பங்களோ முன்னரே கிராமந்தோறும் எட்டியுள்ளன. ஆகவே மாநிலமெங்கும் 20,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வடம் கம்பங்களிலேயே கட்டப்பெற்றது. கருவிகள் துணை மின்நிலையங்களில் வைக்கப்பெற்றன. இவ்விரு ஜில்லாக்களின் மின் விநியோகம் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுக் கம்பெனியின் பொறுப்பாகும். மின்சாரத் துறையும் இழைவலையும் இணைவது புதிதன்று. அமெரிக்காவின் சட்டனூகாவில் நகர மின்வாரியமே 2010-இல் தன் பகுதி முழுவதிலும் கிகாபிட் வேகச் சேவையை அளித்தது.

மின்கம்பியின் அருகே சென்றால் செய்தி கெடாதா என மாணவர் வினவுவர். கெடாது. தாமிரக் கம்பியில் செல்வது மின்னோட்டம்; அருகிலுள்ள மின்காந்தப் புலம் அதனைக் குலைக்கும். கண்ணாடியில் செல்வதோ ஒளி. அப்புலம் அதனைத் தீண்டாது. இத்தகைய கம்பங்களுக்கென உலோகமே இல்லாமல், தன் பாரத்தைத் தானே தாங்கும் வடங்களும் செய்யப்படுகின்றன.

ஒளியின் பயணம்

இழையின் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான் பருமனுடையது. அதைச் சூழ்ந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைவு. எனவே ஒளி வெளியேறாது உள்ளேயே அடங்கி முன்னேறுகிறது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என 1966-இல் சார்ல்ஸ் காவ் காட்டினார். இதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய நல்ல இழையில் 1,550 நானோமீட்டர் அலைநீள ஒளி 15 கிலோமீட்டர் சென்ற பின்னரே பாதியாகக் குறைகிறது.

ஓர் இழை, பல வீடுகள்

ஒவ்வொரு வீட்டிற்கும் மின்நிலையத்திலிருந்து தனி இழை இழுப்பதில்லை. ஓரிழையில் வரும் ஒளியை, மின்சாரம் வேண்டாத சிறு பிரிப்பான் ஒன்று 32 பங்காகவோ 64 பங்காகவோ பிரிக்கிறது. எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் ஒரே ஒளி வருகிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மறுமொழி அனுப்புகையில், பெட்டிகள் தத்தமக்கு ஒதுக்கிய கணத்தில் முறைவைத்துப் பேசுகின்றன. தெருவிலிருந்து வீட்டிற்கு இணைப்பளிப்பவர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்.

பழுதும் பராமரிப்பும்

சிக்கனம் தரும் இவ்வமைப்பிலேயே ஒரு குறையும் உண்டு. பிரிப்பானுக்கு முன் இழை அறுந்தால் அதனைச் சார்ந்த வீடுகள் அனைத்தும் துண்டிக்கப்படும். கம்பத்து வடம் புதைத்த வடத்தைவிட எளிதில் சேதமுறும்; வடகிழக்குப் பருவமழையில் முறியும் ஒரு கிளையே போதும்.

பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வரவில்லை என்று பொருள். ஒரு வீட்டில் மட்டும் எனில், அவ்வீட்டு இழை மடிந்தோ ஒடிந்தோ இருக்கலாம். அண்டை வீடுகளிலும் அவ்வாறே எனில், பழுது தெருவிலோ அதற்கப்பாலோ உள்ளது. இதனைக் கண்டறிந்து புகார் செய்தால் பழுது தேடும் நேரம் குறையும். இழையைக் கூர்மையாக மடக்கலாகாது. அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் ஆகாது. காணாத ஒளியும் கண்ணைக் கெடுக்கும்.

துவக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்கு மூன்று சேவைகளும் கிடைத்தன. எனினும் பின்னர்ச் சந்தாதாரர் தொகை குறைந்தது. வலையைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. காப்பதோ அன்றாடக் கடமை. அறுந்த இழை அன்றே இணைக்கப்பெற்றால்தான் பள்ளிக்கூடமும் ஆரோக்கிய நிலையமும் கிராம அலுவலகமும் அதனை நம்பிப் பணியாற்ற இயலும்.